மெயின் சுவிட்ச், ஃபியூஸ்: எதற்கு எத்தனை ஆம்பியர்? முழுமையான வழிகாட்டி

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஓட்டு வீடு. "தம்பி, ஃபியூஸ் மாத்தி மாத்தி அலுத்துப்போச்சு. இனிமே போகவே கூடாது, அப்படி ஒண்ணு போட்டுக் குடுத்துடு" என்றார் வீட்டுப் பெரியவர். ஃபியூஸ் கம்பி மாட்டும் பீங்கான் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பிளெக்ஸிபிள் வயரிலிருந்து உருவிய நான்கு இழைகளை முறுக்கி வைத்திருந்தார்கள். ஃபியூஸ் போகவில்லைதான். ஆனால் கூடத்துக்குப் போகும் வயரின் தோல் விரல் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

என்னிடம் வேலை பழக வரும் பையன்களும் ஏறக்குறைய இதே தப்பைத்தான் செய்கிறார்கள். வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அதைத் தாங்குகிற ஃபியூஸைத் தேடுகிறார்கள். வரிசை அது இல்லை. முதலில் வயர், அந்த வயருக்கு ஏற்ற ஃபியூஸ், அப்புறம்தான் மெயின் சுவிட்ச். ஃபியூஸ் காப்பாற்றுவது சுவருக்குள் கிடக்கும் வயரைத்தான். டிவியும் ஃபிரிட்ஜும் அதன் பொறுப்பில் இல்லை.

1. கை வைப்பதற்கு முன்

தேவையானவை: டெஸ்டர், ஹோல்டரில் மாட்டிய பல்பு ஒன்று (டெஸ்ட் லாம்ப்), நல்ல பிடி உள்ள ஸ்குரூடிரைவர், டார்ச், காய்ந்த பலகை அல்லது ரப்பர் செருப்பு, ஒரு நோட்டு. டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். அறுந்து தொங்கும் வயரிலும் அது மினுக்கும். வெயிலில் எரிவதே தெரியாது. பல்பையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

மீட்டருக்கும் அதற்கு முன்னால் இருக்கும் கட்-அவுட்டுக்கும் (இ.பி.யின் ஃபியூஸ்) இ.பி. சீல் இருக்கும். அந்தப் பக்கம் லைன்மேன் வேலை. நமது எல்லை மீட்டரிலிருந்து வெளியே வரும் வயரில் ஆரம்பிக்கிறது. ஃபியூஸ் கம்பி மாற்றுவதை வீட்டுக்காரரே செய்யலாம். வயர், மெயின் சுவிட்ச், எம்.சி.பி. (கரண்ட் கூடினால் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்) மாற்றுவதற்கு வயர்மேன் சான்று உள்ளவர் வேண்டும். இந்தக் குறிப்புகளை வைத்து அவர் செய்வது சரியா என்று நீங்கள் பார்க்கலாம்.

மெயினை ஆஃப் செய்துவிட்டால் பெட்டி முழுக்கச் செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. மீட்டரிலிருந்து வரும் வயர் இறங்கும் முனைகள் கைப்பிடி கீழே இருந்தாலும் உயிரோடுதான் இருக்கும். வேலைக்கு வந்த புதிதில் இந்த இடத்தில்தான் எனக்கு அடித்தது. திண்ணையிலிருந்து கீழே விழுந்ததால் கை விடுபட்டது, நல்ல காலம்.

பெட்டியைத் திறந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். திண்ணைச் சுவரில் இருக்கும் மெயின் என்றால் குளவிக் கூடோ செத்த பல்லியோ நிச்சயம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்றில் பித்தளை முனைகள் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். இதையெல்லாம் சுத்தம் செய்யாமல் ஆம்பியர் கணக்கு போட்டுப் பிரயோஜனமில்லை.

2. மூன்று எண்கள், மூன்று அர்த்தங்கள்

மெயின் சுவிட்சில் 32 என்று எழுதியிருந்தால், அதன் முனைகளும் கத்திகளும் (உள்ளே சேர்ந்து பிரியும் தகடுகள்) 32 ஆம்பியரைச் சூடேறாமல் சுமக்கும், அந்த அளவு கரண்ட் ஓடும்போது ஆஃப் செய்தாலும் தாங்கும் என்று அர்த்தம். 40 ஆம்பியர் ஓடினால் அது தானாக அணையாது. அதற்கு அந்த அறிவு கிடையாது.

ஃபியூஸ் கட்டையின் பீங்கானில் பொறித்திருக்கும் 16, 32, 63 என்பது அந்தக் கட்டை அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பது. உள்ளே 5 ஆம்பியர் கம்பியும் கட்டலாம். "32 ஆம்பியர் ஃபியூஸ் இருக்குண்ணே" என்று பையன் சொன்னால், கட்டையைப் படித்துவிட்டுச் சொல்கிறான், கம்பியைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது எண்தான் காவல்காரன். கட்டைக்குள் இருக்கும் கம்பியின் ஆம்பியர், அல்லது எம்.சி.பி.யின் முகத்தில் இருக்கும் ஆம்பியர்.

3. வயரின் கனத்தைக் கண்டுபிடிப்பது

புது வயர் என்றால் தோலிலேயே 1, 1.5, 2.5, 4 என்று சதுர மி.மீ. அச்சடித்திருக்கும். பழைய வீடுகளில் 1/18, 3/20, 7/20 என்ற கணக்கு. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது எண் ஒவ்வொரு இழையின் கனத்தைச் சொல்லும் கேஜ். 1/18 என்பது ஏறத்தாழ 1.2 சதுர மி.மீ., 3/20 ஏறத்தாழ 2, 7/20 ஏறத்தாழ 4.6. அலுமினிய வயராக இருந்தால் அதே கனத்துக்குத் தாங்கும் கரண்டில் கால்பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

பைப்புக்குள் போகும் தாமிர வயருக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது, சுமாராக:

1 சதுர மி.மீ.: 11 ஆம்பியர்
1.5: 14 ஆம்பியர்
2.5: 20 ஆம்பியர்
4: 26 ஆம்பியர்
6: 34 ஆம்பியர்
10: 46 ஆம்பியர்

இதைவிடப் பெரிய எண்ணைக் கடைக்காரர் சொல்லக்கூடும். பைப் தளத்துக்குள் கிடக்கிறது, மேலே கத்திரி வெயில். ஒரே பைப்பில் ஆறேழு வயர். சூடு போக வழியில்லாத இடத்தில் வயர் குறைவாகத்தான் தாங்கும். அதற்காகத்தான் இந்தக் கஞ்சத்தனம்.

புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். போர்டிலிருந்து புறப்படும் வயரை மட்டும் பார்க்கிறார்கள். 2.5-ல் கிளம்பிய வயர் பரண் மேலே 1 சதுர மி.மீ. வயரோடு முறுக்கப்பட்டு, கொல்லைப்புறம் குளியலறை வரை போயிருக்கும். ஒரு சர்க்யூட்டில் எங்கே வயர் மிகவும் ஒல்லியோ, அந்த இடம்தான் ஃபியூஸைத் தீர்மானிக்கும். ஆகவே கடைசி பிளக் பாயிண்ட் வரை திறந்து பாருங்கள். அரை நாள் போகும், போகட்டும்.

4. லோடு கணக்கு

வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் என்றால் 4.3 ஆம்பியர். மோட்டாருக்கு மட்டும் ஜாக்கிரதை: ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது மோட்டார் வெளியே தரும் சக்தி. உள்ளே இழுப்பது 1100 வாட் பக்கம், கரண்ட் 6 முதல் 7 ஆம்பியர் வரை.

நம் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கும் ஒரு வீடு: எல்.இ.டி. விளக்குகள் 80 வாட், ஐந்து ஃபேன் 375, டிவி 100, ஃபிரிட்ஜ் 200, மிக்ஸி 750, கிரைண்டர் 150, அயர்ன் பாக்ஸ் 1000, ஒரு குதிரைத்திறன் மோட்டார் 1100. கூட்டினால் 3755 வாட், 16 ஆம்பியருக்குச் சற்று மேல்.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. காலையில் மோட்டார் ஓடும்போது மிக்ஸியும் ஓடும், ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி, விளக்கு ஓடும். அது 2605 வாட், சுமார் 11 ஆம்பியர். மெயினுக்குப் பார்க்க வேண்டியது இந்த உச்ச நேரத்தைத்தான்.

இதே வீட்டில் ஒன்றரை டன் ஏசி வாங்கி மாட்டினால் 1700 வாட் கூடும், மொத்தம் 5455. சிங்கிள் ஃபேஸ் இணைப்புக்கு 4 கிலோவாட் வரைதான். அதைத் தாண்டினால் இ.பி.யில் எழுதிக் கொடுத்து த்ரீ ஃபேஸ் வாங்க வேண்டும். ஃபியூஸைப் பெரிதாக்கிச் சமாளிக்கும் விஷயமில்லை இது, ஏனென்றால் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் அதே பழைய வயர்தான்.

டெல்டாவில் நிறைய வீடுகள் இரண்டு விளக்கு, ஒரு ஃபேன் கணக்கில் வயரிங் செய்யப்பட்டவை. 2006-க்குப் பிறகு இலவச டிவி வந்தது, 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. சாமான் வந்தது, வயர் மாறவில்லை. ஒற்றை 1/18 வயரில் கூடமும் அடுப்படியும் சேர்ந்து தொங்குவதை இன்றும் பார்க்கிறேன். அங்கே ஃபியூஸைத் தொடாதீர்கள். அடுப்படிக்குத் தனி வயர் இழுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

5. ஃபியூஸ் கம்பி தேர்வு

ஈயம் பூசிய தாமிரக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். கனமும் ஆம்பியரும்: 0.20 மி.மீ. 5 ஆம்பியர், 0.35 மி.மீ. 10 ஆம்பியர், 0.50 மி.மீ. 15 ஆம்பியர், 0.60 மி.மீ. 20 ஆம்பியர், 0.85 மி.மீ. 30 ஆம்பியர்.

இங்கே ஒரு சூட்சுமம். 15 ஆம்பியர் கம்பி 16 ஆம்பியரில் உருகிவிடாது. கட்டைக்குள் கட்டும் கம்பி, தன் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடினால்தான் உருகும். அதுவரை வயர் சூடேறிக்கொண்டே இருக்கும். அதனால் வயர் தாங்கும் அளவில் முக்கால்வாசிக்குள்ளேயே ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டும். 1 சதுர மி.மீ. வயருக்கு 5 ஆம்பியர் கம்பி, 1.5-க்கு 10, 2.5-க்கு 15.

பிளெக்ஸிபிள் வயரிலிருந்து உருவும் இழை பெரும்பாலும் 0.25 அல்லது 0.30 மி.மீ. கனம். 0.30 இழை ஒன்றே 10 ஆம்பியர் கம்பிக்குப் பக்கத்தில் வந்துவிடும். நாலு இழை முறுக்கினால் அந்த மன்னார்குடி வீட்டின் கதைதான். முறுக்கிய இழைகளுக்கு எத்தனை ஆம்பியர் என்று கணக்கு போடவும் முடியாது; முறுக்குக்கு முறுக்கு மாறும்.

6. கம்பி கட்டும் முறை

மெயினை ஆஃப் செய்து, கட்டையைப் பிடுங்கி வெளியே எடுத்து வைத்துக்கொண்டு கட்டுங்கள். முதலில் பழைய கம்பி எப்படிப் போயிருக்கிறது என்று பாருங்கள், அது நிறையச் சொல்லும். நடுவில் ஒரே இடத்தில் உருகி இரண்டு முனையும் கொஞ்சம் பின்வாங்கியிருந்தால் ஓவர்லோடு. கம்பியே காணாமல் போய், பீங்கானில் கரி அப்பி, சின்னச் சின்னத் தாமிர முத்துக்கள் ஒட்டியிருந்தால் ஷார்ட். ஷார்ட் என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுக் கம்பி போடக் கூடாது. போட்டால் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

கரியைத் துடைத்து, பழைய முத்துக்களைச் சுரண்டி எடுங்கள். புதுக் கம்பியை ஸ்குரூவில் கடிகாரம் சுற்றும் திசையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் ஸ்குரூவை முடுக்க முடுக்கக் கம்பி வெளியே தள்ளப்படும். மறுமுனைக்குப் போகும்போது விறைப்பாக இழுக்க வேண்டாம்; இழுத்தால் கம்பி ஒல்லியாகிச் சீக்கிரமே போய்விடும். ரொம்ப முடுக்கினாலும் ஸ்குரூவுக்கு அடியில் நசுங்கி அறுந்துவிடும். இந்த இரண்டாவது தப்பை நான் இன்னும் எப்போதாவது செய்கிறேன்.

எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, கட்டையைச் செருகிவிட்டு, அப்புறம் மெயினைப் போடுங்கள். முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு போடுவது நல்ல பழக்கம்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது, ஷார்ட்டும் இல்லை, சாமானும் கூடவில்லை என்றால் வோல்டேஜைப் பாருங்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத வருஷங்களில் குறுவைக்குப் போர் தண்ணீர்தான். ஊரெல்லாம் மோட்டார் ஓடி, வீட்டில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும். பல்பு குறைவாக இழுக்கும், மோட்டார் அப்படியில்லை. அதே தண்ணீரைத் தூக்க அதிகக் கரண்ட் இழுக்கும். அந்த நேரத்தில் ஃபியூஸ் போவது நியாயம்தான். மோட்டாரை ராத்திரிக்கு மாற்றுங்கள், கம்பியைத் தடியாக்க வேண்டாம்.

7. எம்.சி.பி.க்கு மாறினால்

அதன் முகத்தில் நான்கு விஷயம் படிக்க வேண்டும். "பி", "சி", "டி" என்ற எழுத்து, பக்கத்தில் ஆம்பியர், வோல்டேஜ், கட்டத்துக்குள் 6000 அல்லது 10000. கடைசி எண், ஷார்ட்டில் எத்தனை ஆம்பியர் வரை பாய்ந்தாலும் அது உடையாமல் துண்டிக்கும் என்பது.

எழுத்து, எவ்வளவு பெரிய திடீர்க் கரண்டில் உடனே துண்டிக்கும் என்பது. "பி" என்றால் 3 முதல் 5 மடங்கு, "சி" என்றால் 5 முதல் 10 மடங்கு, "டி" என்றால் 10 முதல் 20 மடங்கு. மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால் மோட்டார், ஏசி, ஃபிரிட்ஜ் உள்ள வீட்டுக்கு "சி" பொருந்தும். "பி" போட்டுவிட்டு, மோட்டார் போட்டதும் ட்ரிப் ஆகிறது என்று ஆம்பியரைக் கூட்டுவது நான் அடிக்கடி திருத்தும் தப்பு. மாற்ற வேண்டியது எழுத்தை.

16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 18 ஓடினால் ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் இருக்கலாம். 23-க்கு மேல் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். கட்டைக் கம்பியைவிடக் கறாரான ஆள் என்பதால் வயரோடு கொஞ்சம் நெருங்கிப் போகலாம்: 1.5 வயருக்கு 10, 2.5-க்கு 16, 4-க்கு 20, 6-க்கு 32.

8. மெயின் சுவிட்சின் அளவும் வரிசையும்

மெயினில் இருக்கும் ஃபியூஸ் கம்பி, மீட்டரிலிருந்து வரும் வயரைக் காக்க வேண்டும். அதே சமயம் கிளை ஃபியூஸ்களைவிடப் பெரிதாகவும், இ.பி. கட்-அவுட்டைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். காரணம், மிக்ஸியில் கோளாறு என்றால் அடுப்படி மட்டும் இருட்டாக வேண்டும். வீடே இருட்டானால் தொல்லை, இ.பி. ஃபியூஸ் போனால் லைன்மேனுக்காக வாசலில் உட்கார வேண்டியதுதான். பெரிய ஷார்ட்டில் சில சமயம் இரண்டும் சேர்ந்தே போகும். அதைத் தடுப்பது கஷ்டம்.

நான்காவது பகுதியில் கணக்குப் போட்ட வீட்டில் கிளைகளில் 5, 10, 15 கம்பிகள். மெயினில் 20 கட்டினேன், வரும் வயர் 6 சதுர மி.மீ. மெயின் சுவிட்ச் 32. 16 சுவிட்ச் போடலாமே என்று கேட்பார்கள். ஃபியூஸ் கம்பி ஏறக்குறைய இரட்டிப்பு வரை உருகாது என்றேன் அல்லவா? அத்தனை நேரமும் சுவிட்சின் கத்திகள் அதைச் சுமக்க வேண்டும். சுவிட்ச் பெரிதாக இருப்பதில் நஷ்டமில்லை, ஃபியூஸ் பெரிதாக இருந்தால்தான் ஆபத்து.

நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயரில்) ஃபியூஸ் கூடாது. பழைய போர்டுகளில் இரண்டு கட்டை இருந்தால், ஒன்று நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். அது போய்விட்டால் விளக்கு எரியாது, கரண்ட் இல்லை என்று நினைத்து சாக்கெட்டில் கை வைப்பீர்கள். ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், அங்கே உயிரோடுதான் இருக்கும். தனி ஃபியூஸோ தனி சுவிட்சோ நியூட்ரலில் வைக்கக் கூடாது என்பது 1956 இந்திய மின்சார விதிகளிலேயே இருந்த கட்டுப்பாடு. நியூட்ரல் கட்டையை எடுத்துவிட்டு லிங்க் (ஃபியூஸ் இல்லாத நேரடி இணைப்பு) போடுங்கள். மெயின் சுவிட்ச் மட்டும் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே இழுப்பில் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டைத் துருவ வகையாக இருக்கட்டும்.

9. த்ரீ ஃபேஸ் வீடு

இங்கே ஒரு ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். காற்றடித்தால் ஒரு ஃபேஸ் போய்விடும், மற்ற இரண்டில் கரண்ட் இருக்கும். உடனே எல்லா லோடையும் இருக்கும் ஃபேஸுக்கு மாற்றிக்கொள்வோம். செலக்டர் சுவிட்ச் வைத்து மாற்றினால் சரி. துண்டு வயரால் கட்டைக்குக் கட்டை முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போன ஃபேஸ் திரும்பி வந்த கணத்தில் இரண்டு ஃபேஸும் மோதி, 400 வோல்ட் ஷார்ட்.

செலக்டர் இருந்தாலும் ஒன்று கவனியுங்கள். மூன்று ஃபேஸுக்குப் பிரித்திருந்த லோடு முழுக்க இப்போது ஒரே வயரில், ஒரே ஃபியூஸில். அது போனால் தடிக் கம்பி போடக் கூடாது. ஏசியையும் மோட்டாரையும் நிறுத்துவதுதான் வழி.

10. ஃபியூஸ் கண்ணில் படாதவை

லூஸ் கனெக்‌ஷன். 8 ஆம்பியர்தான் ஓடும், ஃபியூஸுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஸ்குரூ சரியாக இறுகாத முனை மட்டும் கனலாகக் காயும். மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம், முனைக்குப் பக்கத்தில் பழுப்பேறிய தோல், இதுதான் அடையாளம். வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், மீட்டர் பக்கத்து முனைகளை விட்டுவிட்டு மற்ற ஸ்குரூக்களை வயர்மேனை வைத்து முடுக்கி விடுங்கள். கட்டையின் பித்தளை நாக்கு பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் கட்டையை மாற்றுங்கள்.

இன்னொன்று ஆளுக்கு அடிக்கும் ஷாக். ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியருக்கும் கீழே போதும். 5 ஆம்பியர் ஃபியூஸ் அதை உணரவே உணராது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும், கூடவே ஒழுங்கான எர்த். ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைப் பார்க்காது, எனவே ஃபியூஸோ எம்.சி.பி.யோ தனியாக இருந்தே ஆக வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்.

மழைக் காலத்தில் அது சும்மா சும்மா விழுகிறது என்று பைபாஸ் செய்யச் சொல்வார்கள். ஒவ்வொரு சர்க்யூட்டாக நியூட்ரலோடு சேர்த்துக் கழற்றிப் பாருங்கள். தோட்டத்து விளக்கோ, ஈரம் ஏறிய குளியலறைச் சுவரோ, மோட்டார் வயரின் ஜாயிண்ட்டோ, ஏதோ ஒன்றில் கசிவு இருக்கும். களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதால் எர்த் குழிக்குச் சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

11. எழுதி வைப்பது

மெயின் பெட்டிக் கதவின் உட்புறத்தில் பெயிண்ட் மார்க்கரால் எழுதுங்கள்: எந்தக் கட்டை எந்த அறைக்கு, வயர் என்ன கனம், ஃபியூஸ் கம்பி எத்தனை ஆம்பியர், மாற்றிய தேதி. காகிதத்தில் எழுதி ஒட்டினால் அடுத்த மழைக்குள் கரையானும் ஈரமும் தின்றுவிடும். பக்கத்தில் சரியான கம்பி சுற்றிய அட்டையை ஒரு டப்பாவில் போட்டுத் தொங்கவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபியூஸ் போகும்போது கை அந்த டப்பாவுக்குப் போக வேண்டும். அது இல்லாததால்தான் கத்தரிக்கோலும் பிளெக்ஸிபிள் வயரும் வெளியே வருகின்றன.